கயிலை மலைப் பாதையும் வழிகாட்டியின் வாக்கும்

எம்பெருமான் உமையம்மையோடு வீற்றிருக்கும் திருக்கயிலாயத்தை வாழ்நாளில் ஒரு முறையேனும் கண்ணாரக் கண்டு வணங்க வேண்டும் என்னும் வேட்கை சைவப் பெருமக்களின் உள்ளத்தில் என்றும் குறையாதது. முன்னாளில் அரசரும் துறவியரும் மட்டுமே எண்ணிப் பார்த்த அந்த யாத்திரையை இன்று மலேசியத் திருநாட்டின் சிற்றூர்களில் வாழும் அன்பர்களும் மேற்கொள்கின்றனர். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கி வைத்துக் காத்திருக்கும் பெரியோர் ஜொகூர் மாநிலத்திலும் பலர் உளர்.

செனாய் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 40 மீட்டர் உயரத்தில் உள்ளது. கயிலையை வலம் வருவோர் கடக்க வேண்டிய டோல்மா கணவாயோ 5,630 மீட்டர் உயரத்தில் உள்ளது. செம்பனைத் தோட்டங்களின் வெப்பக் காற்றைச் சுவாசித்துப் பழகிய நெஞ்சு, இரண்டு வாரத்திற்குள் அந்த உயரத்திற்குச் செல்ல வேண்டியிருக்கிறது. பக்தி ஒன்றே துணை என்று புறப்படுவோர் இடர்ப்படுவதும், பக்தியோடு பணிவையும் கொண்டு செல்வோர் நலமே திரும்புவதும் இந்த யாத்திரையில் மீண்டும் மீண்டும் காணப்படும் உண்மை. அந்தப் பணிவு இறைவனிடம் மட்டுமன்றி, மலையிடத்தும், மலையை அறிந்த வழிகாட்டியிடத்தும் காட்டப்பட வேண்டியதாகும்.

நால்வகைச் சமயத்தார் போற்றும் மலை

திருக்கயிலாயம் திபெத்தின் மேற்குப் பகுதியில் 6,638 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. உலகின் மிக உயர்ந்த சிகரமாகிய எவரெஸ்டின் உச்சியில் ஆயிரக்கணக்கானோர் கால் பதித்துள்ளனர். அதனினும் மிகத் தாழ்ந்த கயிலையின் உச்சியை மிதித்ததாக மலையேறுவோர் வரலாற்றில் எவர் பெயரும் இல்லை. இம்மலையை மிதித்து ஏறுவதன்று, சுற்றி வந்து வணங்குவதே முறை என்பது அங்கு எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான வழக்காக இருந்து வருகிறது.

இந்துக்கள் இதனைச் சிவபெருமானின் உறைவிடமாகப் போற்றுகின்றனர். சமணர் தம் முதல் தீர்த்தங்கரராகிய ரிஷபதேவர் முத்தி பெற்ற தலமாகக் கொள்கின்றனர். பௌத்தரும், திபெத்தின் தொன்மையான பொன் சமயத்தாரும் இதனையே உலகின் நடுவாகக் கருதி வணங்குகின்றனர். ஏனையோர் வலமாகச் சுற்ற, பொன் சமயத்தார் மட்டும் இடமாகச் சுற்றுவர். சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா, கர்ணாலி என்னும் நான்கு பேராறுகளும் இவ்வட்டாரத்திலேயே தோன்றுகின்றன. மலையின் தெற்கே, ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்தில், நன்னீர் ஏரியாகிய மானசரோவரம் பரந்து கிடக்கிறது. அதன் அருகிலேயே உவர்நீர் கொண்ட இராட்சதத் தடாகம் உள்ளது.

கயிலையைச் சுற்றிவரும் பாதை ஏறத்தாழ 52 கிலோமீட்டர். பொதுவாக மூன்று நாளில் இது முடிக்கப்படுகிறது. தார்ச்சென் என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்டு, எமதுவாரத்தைக் கடந்து, மலையின் வடமுகம் தெரியும் திராபுக்கில் முதல் இரவு தங்குவர். மறுநாள் விடியுமுன்னரே எழுந்து டோல்மா கணவாயில் ஏறி, கௌரி குண்டத்தை மேலிருந்தே தரிசித்து, செங்குத்தான இறக்கத்தில் இறங்கிச் சுதுல்புக்கை அடைவர். மூன்றாம் நாள் தார்ச்சென் திரும்புவர். இவற்றுள் இரண்டாம் நாளே கடுமையானது. யாத்திரையின் வெற்றி தோல்வியை உறுதி செய்வதும் அந்நாளே.

குமாவோன் மலைக்கிராமங்களின் வழி

பாரத நாட்டிலிருந்து கயிலைக்குச் செல்லும் பழைய வழிகளுள் முதன்மையானது உத்தராகண்ட் மாநிலத்தின் குமாவோன் மலைநாட்டினூடே செல்வது. தார்ச்சுலாவில் தொடங்கிக் காளி ஆற்றின் கரையோரமாகப் புதி, கர்ப்யாங், குஞ்சி, காலாபாணி, நாபிதாங் ஆகிய இடங்களைத் தொட்டு, 5,000 மீட்டருக்கு மேல் உள்ள லிபுலேக் கணவாயில் ஏறித் திபெத்தினுள் இறங்கும் வழி அது. வியாசர் தவம் செய்ததாகச் சொல்லப்படும் அப்பள்ளத்தாக்கின் கடைசிக் கிராமம் குட்டி. பாண்டவர் தாயாகிய குந்தியின் பெயரே அவ்வூர்ப் பெயராயிற்று என்று அங்குள்ளோர் கூறுவர்.

இக்கிராமங்களில் வாழும் ரங் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் திபெத்தோடு வாணிபம் செய்தவர்கள். தானியத்தையும் துணியையும் ஏற்றிச் சென்று, உப்பையும் கம்பளியையும் கொண்டு வந்தனர். 1962-ஆம் ஆண்டில் இந்திய சீனப் போர் மூண்டபின் கணவாய் அடைபட்டது, வாணிபமும் நின்றது. கோடையில் மேல்நாட்டு வீடுகளிலும், பனிக்காலத்தில் தார்ச்சுலாவிலும் வாழும் இடமாற்ற வாழ்க்கையை மட்டும் அவர்கள் விடவில்லை. 1981-ஆம் ஆண்டில் இந்திய அரசின் ஏற்பாட்டில் யாத்திரை மீண்டும் தொடங்கியபோது, அந்த மக்களின் கோவேறு கழுதைகளும் தோள்களுமே யாத்திரிகருக்குத் துணையாயின.

அவ்யாத்திரையின் ஒழுங்குமுறை எல்லாக் குழுவினரும் கற்கத் தக்கது. 18 முதல் 70 வயது வரை உள்ளோர் மட்டுமே சேர்க்கப்படுகின்றனர். உடல் நிறை விகிதம் 25-க்கு மேற்பட்டவர்களுக்கு இடமில்லை. தில்லியில் ஒரு முறையும், மலையேறிய பின்னர் மீண்டும் ஒரு முறையும் மருத்துவச் சோதனை உண்டு. இரண்டாம் சோதனையில் தவறியவர் கணவாயை நெருங்கியிருந்தாலும் திருப்பி அனுப்பப்படுவார். ஒவ்வொரு குழுவுக்கும் அரசின் தொடர்பு அதிகாரி ஒருவர் உடன் செல்வார். அவர் முடிவே இறுதி முடிவு.

இத்துணை ஒழுங்கு இருந்தும் மலை தன் கடுமையைக் காட்டியதுண்டு. 1998-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மால்பா என்னுமிடத்தில் நள்ளிரவில் மலை சரிந்து விழுந்தது. 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழ 60 பேர் கயிலை யாத்திரிகர். எஞ்சியோருள் சுமை தூக்குவோரும் கிராம மக்களும் இருந்தனர். யாத்திரிகரின் பெயர்கள் செய்தித்தாள்களில் வந்தன. சுமை சுமந்து உடன் சென்றோரின் பெயர்களை அறிந்தவர் சிலரே.

2020-ஆம் ஆண்டு மே மாதம் லிபுலேக்கை நோக்கி வாகனச் சாலை திறக்கப்பட்டது. அதனால் பல நாள் நடை சில மணி நேரப் பயணமாகச் சுருங்கியது. அதே ஆண்டில் கொரோனா பெருந்தொற்றால் நின்றுபோன யாத்திரை, 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லிபுலேக், சிக்கிமின் நாதுலா ஆகிய இரு வழிகளிலும் மீண்டும் தொடங்கியது. எனினும் இந்த அரசு யாத்திரை இந்தியக் குடிமக்களுக்கே உரியது. மலேசியக் கடப்பிதழ் உடையோர் நேப்பாளம் வழியாகவோ லாசா வழியாகவோ செல்ல வேண்டும்.

ஹும்லாவின் நடைபாதை

நேப்பாளத்தின் வடமேற்கு மூலையில் உள்ள ஹும்லா மாவட்டத்தின் வழியே செல்லும் நடைபாதை, மலைக்கிராமங்களைக் கண்டு செல்ல விரும்புவோர்க்கு ஏற்றது. நேப்பாள்கஞ்சிலிருந்து சிறு விமானத்தில் ஏறினால் ஏறத்தாழ 2,900 மீட்டர் உயரத்திலுள்ள சிமிகோட்டில் இறங்கலாம். அங்கிருந்து கர்ணாலி ஆற்றைத் தொட்டும் விலகியும் செல்லும் பாதையில் தாராபுரி, கெர்மி, யால்பாங், முச்சு, யாரி ஆகிய ஊர்கள் உள்ளன. நாரா கணவாயைக் கடந்து இறங்கினால் எல்லையூராகிய ஹில்சா. மொத்தம் ஆறு நாள் நடை.

கீழூர்களில் நெற்றியில் திலகமிட்ட இந்துக் குடும்பங்கள் வாழ்கின்றன. மேலே செல்லச் செல்லப் பௌத்தக் கொடிகளும், வழிபாட்டுச் சொற்கள் செதுக்கிய கற்சுவர்களும் தோன்றும். அச்சுவர்களைத் தம் வலக்கைப் பக்கம் வைத்தே கடந்து செல்ல வேண்டும் என்பது அவ்வூர் முறை. ஆலயத்தை வலம் வரும் நம்மவர்க்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணும் மரமும் கொண்டு கட்டிய தட்டைக் கூரை வீடுகளில் தானியமும் மிளகாயும் காய்வதைக் காணலாம். கெர்மியில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. யால்பாங்கில் இளந்துறவியர் கல்வி பயிலும் பெரிய மடாலயம் உண்டு. முதுகில் சிறு மூட்டைகள் கட்டிய ஆட்டு மந்தைகள் தானியமும் உப்பும் சுமந்து செல்லும் காட்சியையும் அவ்வழியில் காண்பர்.

இப்பாதையின் பெருநன்மை கண்ணுக்குத் தெரியாதது. சிமிகோட்டிலிருந்து வழி முதலில் ஆற்றங்கரைக்கு இறங்குகிறது. தொடக்க இரவுகள் 3,000 மீட்டருக்கும் கீழேயே கழிகின்றன. பின்னரே சிறிது சிறிதாக ஏற்றம். இவ்வாறு உடல் உயரத்திற்குப் பழகிக்கொள்கிறது. நடக்க நேரமில்லாதவர் சிமிகோட்டிலிருந்து ஹெலிகாப்டரில் ஏறி, 3,600 மீட்டருக்கு மேல் உள்ள ஹில்சாவில் சில நிமிடங்களில் இறங்குகின்றனர். கால் நோகாமல் சென்றுவிடலாம். ஆனால் நுரையீரல் ஹெலிகாப்டரின் வேகத்தில் பழகுவதில்லை. வானிலை கெட்டால் அவ்வூர்தியும் பறக்காது. 2018-ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில் 1,500-க்கும் மேற்பட்ட யாத்திரிகர் சிமிகோட், ஹில்சா முதலிய இடங்களில் பல நாள் சிக்கித் தவித்தது நினைவிருக்கத் தக்கது.

காட்மாண்டுவிலிருந்து கேரோங் வழியே வாகனத்தில் செல்லும் பாதையும் உண்டு. 2015-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பழைய கோடாரி எல்லைவழி பெருஞ்சேதமுற்றபின் இவ்வழி முதன்மை பெற்றது. 2025-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் பெருக்கெடுத்த வெள்ளம் இவ்வழியின் எல்லைப் பாலத்தையே அடித்துச் சென்றது. ஆகவே எவ்வழி திறந்துள்ளது என்பதை ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக விசாரித்தறிந்த பின்னரே முன்பணம் செலுத்துதல் நன்று.

ஐந்திணையும் ஒரே வழியில்

தமிழ்ச் சான்றோர் நிலத்தை ஐந்திணையாக வகுத்தனர். அவ்வைந்தின் சாயலையும் இந்த ஒரே யாத்திரையில் காணலாம் என்பது வியப்பிற்குரியது. நேப்பாள்கஞ்சின் நெல்வயல்கள் மருதம். கர்ணாலியின் மேலுள்ள படிக்கட்டு வயல்களும் அருவிகளும் குறிஞ்சி. ஊசியிலைக் காடுகளும் ஆநிரை மேயும் புல்வெளிகளும் முல்லை. நாரா கணவாய்க்கு அப்பால் மழை மறைந்து, மரம் மறைந்து, செம்மண்ணும் கல்லும் காற்றுமாய் விரியும் திபெத்திய மேட்டுநிலம் குளிர்ந்த பாலை. அப்பாலையின் நடுவே அலை மோதும் கரையோடு மானசரோவரம் நெய்தலை நினைவூட்டும்.

இந்நில வேறுபாடு கண்ணுக்கு விருந்து, உடலுக்குச் சோதனை. ஒரே நாளில் நண்பகல் வெயில் தோலைச் சுடும். இரவில் குவளை நீர் உறையும். ஆகையால்தான் ஒவ்வொரு நிலத்திலும் சில இரவுகளேனும் தங்கிச் செல்ல வேண்டும் என்று மலையறிந்தோர் வற்புறுத்துகின்றனர்.

வழிகாட்டியின் பணி

யாத்திரைக் குழுவின் முன்னே நடப்பவரை மட்டும் வழிகாட்டி என எண்ணுவது தவறு. ஒரு நல்ல குழுவில் தலைமை வழிகாட்டி ஒருவர் முன்னும், துணை வழிகாட்டி ஒருவர் கடைசியிலும் செல்வர். கடைசியில் செல்பவரே முக்கியமானவர். அவருக்குப் பின்னால் எவரும் இருத்தல் கூடாது. சமையற்காரர் முன்னதாகச் சென்று கஞ்சியும் சூடான நீரும் ஆயத்தம் செய்வார். தார்ச்சென்னில் யாக் எருமை ஓட்டுவோரும், குதிரைக்காரரும், கைப்பை சுமக்கும் உள்ளூர் இளைஞரும் வந்து சேர்வர். பிராணவாயு உருளை, மருந்துப் பெட்டி, காற்றழுத்தப் பை ஆகியவை யார் சுமையில் உள்ளன என்பதைத் தலைமை வழிகாட்டி அறிந்திருப்பார்.

காலையிலும் மாலையிலும் அவர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பார். தலைவலி உண்டா, உணவு இறங்கியதா, உறக்கம் வந்ததா என்று வினவுவார். இது வெறும் உபசாரமன்று. அவர் நடத்தும் மருத்துவச் சோதனை. இவ்வினாக்களுக்கு மறையாமல் விடையளிப்பது யாத்திரிகரின் கடமை. பலர் தம்மைத் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்றஞ்சி நோயை மறைக்கின்றனர். மலையில் மறைக்கப்பட்ட தலைவலி, மறுநாள் குழு முழுவதின் துன்பமாகிறது. அவரைத் தூக்கிச் செல்ல நான்கு பேர் வேண்டும். அந்நால்வரும் அதே மெல்லிய காற்றையே சுவாசிக்கின்றனர்.

நேப்பாள வழிகாட்டிகள் அடிக்கடி கூறும் சொல் ஒன்றுண்டு: “பிஸ்தாரை, பிஸ்தாரை.” மெல்ல, மெல்ல என்பது அதன் பொருள். ஆறு நாளும் அச்சொல் யாத்திரிகர் செவியில் மந்திரம் போல் ஒலித்துக்கொண்டேயிருக்கும். முந்திச் செல்வோர்க்கு அங்குப் பெருமை இல்லை.

இவ்வுண்மையை உணர நம் நாட்டிலேயே சான்று உண்டு. சபாவின் கினபாலு மலை 4,095 மீட்டர் உயரம். சுற்றுக் கிராமங்களில் வாழும் கடசான்டூசுன் மக்கள் அதனைத் தம் முன்னோர் ஆவிகள் உறையும் மலையாக மதிக்கின்றனர். அவர்களே பலர் வழிகாட்டிகள். வழிகாட்டியின்றி உச்சிக்கு ஏற அனுமதி இல்லை. 2015-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் காலை நிலம் அதிர்ந்து பாறைகள் உருண்டபோது 18 பேர் உயிர்நீத்தனர். அவர்களுள் வழிகாட்டிகளும் அடங்குவர். உச்சியில் சிக்கிய நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பாதை சிதைந்த மலையிலிருந்து கீழே கொண்டு வந்து சேர்த்ததில் அக்கிராமத்து மலிம் குனோங்குகளின் பங்கு பெரிது. கூலிக்கு வந்தவர் என்று வழிகாட்டியை எண்ணுவோர் அந்நாளை மறக்கலாகாது.

மூச்சும் உயரமும்

டோல்மா கணவாயில் ஒருவர் ஒரு மூச்சில் பெறும் பிராணவாயு, செனாயில் பெறுவதில் ஏறத்தாழ பாதியே. இதற்கு உடல் பழகுமுன் மேலே சென்றால் தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை தோன்றும். முற்றினால் இருவகை ஆபத்து. ஒன்று, நுரையீரலில் நீர் கோத்தல்: அமர்ந்திருக்கும்போதே மூச்சிரைக்கும், இருமலில் நுரை வரும். மற்றொன்று, மூளை வீங்குதல்: பேச்சு குழறும், நடை தள்ளாடும். ஒரு கோட்டின்மேல் குதிகாலும் விரலும் தொட அடிவைத்து நடக்கச் சொன்னால் தடுமாறுவார். இவ்விரண்டிற்கும் முதல் மருந்து உடனே கீழே இறங்குவதே. இரவாயினும் விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது.

யாத்திரிகரிடையே இந்நோய் மிகுதி என்பது நேப்பாளத்தின் கோசாயிகுண்டத்தில் நடந்த மருத்துவ ஆய்வில் வெளிப்பட்டது. 4,000 மீட்டருக்கு மேலுள்ள அப்புனித ஏரிக்கு விரைந்து ஏறியோரில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு மலைநோய் கண்டிருந்தது. விரைவாக ஏறுதல், உபவாசம், குளிர்நீராடல், முதுமை, “இறைவன் பார்த்துக்கொள்வான்” என்று அறிகுறிகளைப் புறக்கணித்தல் ஆகிய யாவும் யாத்திரிகரிடம் ஒருங்கே சேர்ந்துவிடுகின்றன.

3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாதிருத்தலும், மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஓய்வு நாள் வைத்தலும் மருத்துவர் வகுத்த விதி. கேரோங்கிலிருந்து சாகாவுக்கு ஒரே நாளில் வாகனத்தில் செல்லும்போது 1,500 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம் என்பதை எண்ணினால், கேரோங்கில் இரண்டு இரவு தங்க வைக்கும் ஏற்பாட்டாளர் ஏன் சிறந்தவர் என்பது விளங்கும். பயண நாள் குறைவு என்று விளம்பரம் செய்வது நன்மையன்று. மலைநோய்த் தடுப்பு மாத்திரையாகிய அசெட்டசோலமைடை மருத்துவரின் ஆலோசனையின் பேரிலேயே உட்கொள்ள வேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், இதய நோய் உடையோர் மருத்துவரைக் கலக்காமல் பெயர் கொடுக்கலாகாது.

புறப்படுமுன் செய்யத் தக்கன

ஆறு மாதத்திற்கு முன்பே நடைப்பயிற்சியைத் தொடங்குதல் நலம். அதிகாலையில் நாள்தோறும் ஒரு மணி நேரம், வாரம் ஒரு முறை நீண்ட நடை. ஜொகூரின் உயர்ந்த மலையாகிய லெடாங் 1,276 மீட்டர். அங்கும் வழிகாட்டியுடனேயே ஏற வேண்டும். குழுவினர் யாவரும் ஒருங்கே அங்கு ஒரு முறை ஏறி இறங்கினால், யார் விரைபவர், யார் பின்தங்குபவர், யார் சொல் கேளாதவர் என்பது கயிலைக்குச் செல்லுமுன்பே தெரிந்துவிடும். அம்மலைகள் காலுக்கும் மூச்சுக்கும் பயிற்சி தரும். உயரத்திற்கு உடலைப் பழக்கும் அளவிற்கு அவை உயர்ந்தவை அல்ல என்பதையும் மறத்தலாகாது.

மானசரோவரத்தில் இறங்கி நீராடுதல் இப்போது தடை செய்யப்பட்டுள்ளது. நீரை முகந்து கரையில் நின்றே தெளித்துக்கொள்ளலாம். பூசைப் பொருள்களின் நெகிழிப் பைகளையும் கற்பூர உறைகளையும் அக்கரையில் விட்டு வருவது அபசாரமாகும். மலைக்கிராமத்தார் இல்லங்களையும் வழிபாட்டையும் படம் பிடிக்குமுன் அனுமதி கேட்டல் நாகரிகம். சுமை தூக்குவோரின் காலணியும் கம்பளி ஆடையும் போதியனவா என்பதை ஏற்பாட்டாளரிடம் வினவுதல் அறம். அவர்க்குரிய கூலியைப் பேரம் பேசிக் குறைத்து விட்டுக் கயிலையில் அன்னதானத்திற்கு எழுதுவதில் புண்ணியம் சேராது.

திரும்புதல் தோல்வியன்று

கணவாயின் அடிவாரத்தில் வழிகாட்டி ஒருவரைத் தனியே அழைத்து, “தாங்கள் இங்கேயே தங்கிவிடுங்கள்” என்று கூறும் வேளை வரலாம். ஆண்டுக்கணக்கில் சேமித்து, விரதம் காத்து, ஊரார் வாழ்த்தோடு வந்தவர்க்கு அச்சொல் இடி போன்றதுதான். தம் பக்தியில் குறை நேர்ந்ததோ என்று அவர் கலங்குவார்.

அவர் நினைவுகூரத் தக்கவர் அப்பர் பெருமான். முதிர்ந்த வயதில் கயிலையைக் காணப் புறப்பட்ட அவர், வடதிசை நோக்கி நடந்தார். பாதம் தேய்ந்தது, கையால் ஊர்ந்தார். கை தேய்ந்தது, மார்பால் நகர்ந்தார். அதுவும் இயலாதபோது உருண்டார். அந்நிலையில் முனிவர் வடிவில் எதிர்ப்பட்ட இறைவன், மானுட உடலோடு கயிலையை அடைதல் அரிது, திரும்புக என்றான். அப்பர் முதலில் இசையவில்லை. பின்னர் இறைவன் ஆணைப்படி அங்கிருந்த பொய்கையில் மூழ்கினார். காவிரிக்கரைத் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். கண்ட இடமெல்லாம் கயிலைக் காட்சியே நிறைந்தது. இவ்வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கின்றார். ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் அக்காட்சி விழா இன்றும் கொண்டாடப்படுகிறது.

நாவுக்கரசரையே திரும்பச் சொன்ன இறைவன், திரும்பியவர்க்கே கயிலையைக் காட்டினான். ஆகவே திராபுக்கில் நின்று வடமுகத்தை வணங்கித் திரும்பும் அன்பருக்கும், மானசரோவரக் கரையிலேயே தங்கிவிடும் மூதாட்டிக்கும் யாத்திரைப் பயன் குறைவதில்லை. வழியில் எதிர்ப்பட்டு “திரும்புக” என்று கூறுபவர் எவ்வடிவில் வந்தவர் என்பதை யார் அறிவார்?

கயிலைக்குச் செல்லவிருக்கும் அன்பர்கள் பணிவையும் பொறுமையையும் துணையாகக் கொண்டு, மலையறிந்தோர் சொற்கேட்டு, மெல்ல நடந்து, கண்ணாரத் தரிசித்து, இல்லத்தார் காத்திருக்கும் வீட்டிற்கு நலமே திரும்ப எல்லாம் வல்ல கயிலைநாதன் திருவருள் புரிவானாக.

திருச்சிற்றம்பலம்.